தீத்தடைக் காலத்தில் ஒரு படையல்

1

இங்கே தை மாதம் நடுக்கோடையில் வருகிறது. கடலூரில் நீங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போகிப் புகைக்கு இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில், மெல்பர்னில் நாங்கள் சன்னல்களைச் சாத்தி, திரைகளை இறக்கிவிட்டு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்போம். வந்த புதிதில் இதை வேடிக்கையாக எழுதியிருப்பேன். இப்போது அந்த மனநிலை இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் சிமெண்ட் பெஞ்சும் சறுக்குமரமும் உள்ள இடத்தை நினைத்துவிடாதீர்கள். மலையும் ஆறும் யூக்கலிப்டஸ் மரங்களுமாக, கண்ணுக்கெட்டிய தூரம் காடு. நுழைவாயிலில் அரைவட்டமாக ஒரு பலகை இருக்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணம் பூசி, நடுவில் ஒரு முள். இன்றைக்குத் தீ எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதை அந்த முள் காட்டும். அதற்குக் கீழே இன்னொரு பலகை. கோடை முடியும்வரை விறகு கூடாது, கரி கூடாது, முகாம் தீ கூடாது. கல் அடுக்கிக் கட்டியிருக்கும் அடுப்புகளைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிவிடுவார்கள். பொத்தானை அழுத்தினால் சூடாகும் மின்சாரத் தட்டில் வேண்டுமானால் எதையாவது வாட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பூங்காவில்தான் போன கோடையில் என் மகன் கதிர் செத்துப்போனான். ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. சம்பளம் வாங்காத தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தான். சுற்றிப் பார்க்க வந்த யாரோ தடையை மீறி முகாம் தீ மூட்டிக் கறி வாட்டித் தின்றுவிட்டு, அதை மண் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கனன்றுகொண்டிருந்தது மறுநாள் காற்றில் கிளம்பிவிட்டது. தீயை அடக்கி முடித்த பிறகு, அடிமரம் எரிந்து உள்ளுக்குள் கூடாகியிருந்த ஒரு மரம் இவன் மேல் விழுந்தது.

இப்படிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இது அவனுடைய முதல் திதி எப்படி நடந்தது என்பதைப் பற்றிய குறிப்பு.

2

கதிருக்கு ஏழு வயதிருக்கும்போது முதல்முதலாக அந்தப் பூங்காவுக்குப் போனோம். குளிர்காலம், தீ மூட்ட அனுமதி இருந்தது. பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் கல் அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருக்க, நான் கருவாடு சுட்டேன். எங்களைச் சுற்றியிருந்த மேசைகள் கொஞ்ச நேரத்தில் காலியானது எனக்கு இன்றுவரை பெருமையாகவே இருக்கிறது. தின்று முடித்ததும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் எப்போதும் செய்கிற மாதிரி, காலால் மண்ணைத் தள்ளித் தீயை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

"அப்பா, நோ!" என்று கத்தினான் கதிர். பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்து சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். மண்ணை விலக்கச் சொன்னான். உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும், குச்சியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், கடைசியில் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். சுட்டால் தீ இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

"மண்ணு போட்டா அது தூங்கும். சாகாது," என்றான் அவனுடைய உடைந்த தமிழில்.

"எங்க பெரியப்பா மாதிரியே அதட்டறான் பாருங்க," என்று சிரித்தாள் வசந்தா, என் மனைவி. அவள் சிதம்பரத்துக்காரி. நான் திருப்பாதிரிப்புலியூர்.

ஊருக்குப் போனாலும் இந்த வம்புதான். சிதம்பரத்தில் வசந்தாவின் அண்ணன், என் மச்சான், கீழ வீதிக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தெருமுனையில் குப்பையைக் கொளுத்திவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள். கதிர் மச்சான் கடையிலிருந்து விற்பனைக்கு வைத்திருந்த வாளியையே தூக்கிக்கொண்டு ஓடுவான். "மாப்ள, ஒம் புள்ள சிதம்பரத்துக் குப்பையை மொத்தமா அணைச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவான் போலக்குது," என்பார் மச்சான். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

பிறகு வளர்ந்தான். வளர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், பிறகு ஆங்கிலத்தில் கேட்டாலும் அரைப் பதில். படித்த படிப்புக்கு நகரத்தில் வேலை இருந்தும், காட்டோரம் ஒரு சின்ன ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து பாலைக் காய்ச்சாமல் அப்படியே கேனோடு குடிப்பான். "மாட்டுக்கன்னுகூட இப்படிக் குடிக்காதுடா," என்று வசந்தா திட்டுவாள். அவன் சட்டையில் எப்போதும் புகை நாற்றம் இருக்கும். காட்டுக்குள் என்னதான் செய்கிறான் என்று நாங்கள் ஒழுங்காகக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அவன் சாவுக்கு வந்த மஞ்சள் சீருடைக்காரர்கள் சொல்லித்தான் பாதி விஷயம் தெரிந்தது.

3

நம் ஊரில் தகனம் முடிந்த மறுநாள் காலையில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். காடாத்து. பங்காளிகள் சுடுகாட்டுக்குப் போய், சூடு அடங்காத சாம்பலில் தண்ணீர் ஊற்றி, பால் தெளித்து, எலும்பு பொறுக்குவார்கள். என் அப்பாவுக்குக் கெடிலம் ஆற்றங்கரையில் நான் செய்திருக்கிறேன். தண்ணீர் பட்டதும் சாம்பல் உஸ்ஸென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை நின்றது. உடம்பு பட்ட சூட்டை நம் கையாலேயே தணித்து அனுப்புகிறோம் என்று ஒரு சமாதானம்.

இங்கே அது இல்லை. ஒரு திரை இருந்தது, ஒரு பொத்தான் இருந்தது. நான் அழுத்தினேன். திரை மூடிக்கொண்டது. சில நாள் கழித்து, கழுத்துப்பட்டை அணிந்த ஓர் இளைஞர் இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நீட்டினார். வாங்கினேன். ஜில்லென்று இருந்தது.

காரில் வரும்போது வசந்தா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இத யாருங்க ஆத்துனாங்க?"

"மெஷின்லயே ஆறிடும் வசந்தா."

"தானாவா?"

"ஆமாம்."

"ஒருத்தருமா தண்ணி ஊத்தல எம் புள்ளைக்கி?"

 மச்சான் தொலைபேசியில், "காடாத்து எப்ப மாப்ள? பால் தெளிக்க யாரு போறா?" என்று கேட்டார். சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்த் தேவனாம்பட்டினத்தில் கரைத்தோம். பெட்டியைச் சாய்த்தபோது வசந்தா ஒரு பிடியை அள்ளிக் கையிலேயே வைத்திருந்தாள். மச்சான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை நோய்க்காரி. நான் தட்டைப் போட்டு எதிரில் உட்கார்ந்தால், எனக்காக இரண்டு வாய் உண்பாள். அதற்கும் என்னைப் பாவமாகப் பார்ப்பாள்.

4

முதல் திதி நெருங்கியபோது மச்சான் கறாராகச் சொல்லிவிட்டார். "அகாலமா போன புள்ள மாப்ள. வூட்ல படத்துக்கு முன்னாடி வச்சா பத்தாது. அவன் வுழுந்த எடத்துல எலை போட்டுக் கும்புடணும். அப்பதான் வருஷம் கழியும், எந்தங்கச்சியும் வாயத் தொறந்து சாப்புடுவா."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். இந்த நாட்டில் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று பழகிப்போயிருக்கிறேன். கேட்டால் இல்லை என்பார்கள் என்பதும் பழகிவிட்டது. ஒரு பெண் பேசினார், இனிமையான குரல். இறந்தவருக்கு உணவு படைப்பது எங்கள் வழக்கம் என்றேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். கடைசியில் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்றேன்.

அது என்ன என்று கேட்டார். கற்பூரத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். வெள்ளையாகச் சின்னதாக இருக்கும், எரிந்தால் மிச்சம் எதுவும் இருக்காது என்றேன். திட எரிபொருளா என்றார். சாமிக்குக் காட்டுவது என்றேன். திறந்த சுடர் வருமா என்றார். வரும் என்றேன். "மன்னிக்க வேண்டும், இந்தப் பருவத்தில் எந்தச் சுடரும் கூடாது," என்றார். காக்கைக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் கேட்டுவைத்தேன். பறவைகளுக்கு உணவளிக்கக் கூடாது என்றார்.

கடைசியாக, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார்.

"மூன்று பேர்," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருத்திச் சொல்ல மறுபடி தொலைபேசவில்லை.

5

சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். முள் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சில் நின்றது. கதிர் விழுந்த இடம் ஆற்றுக்குச் சற்று மேலே, வண்டிப் பாதையை ஒட்டி இருக்கிறது. எரிந்த மரங்கள் கறுப்பாக நின்றன. ஆனால் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பியது போலப் பச்சைத் துளிர். கிளைக்குக் காத்திருக்காமல் அடிமரத்திலேயே துளிர்த்துவிடும் ஜாதி அது. எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. இந்தக் காடு ஒரு வருடத்தில் தேறிக்கொண்டுவிட்டது.

வசந்தா வாழையிலையை விரித்தாள். சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு, வஞ்சிரம் வறுவல், சோறு, அவனுக்குப் பிடித்த கடை ரொட்டி இரண்டு துண்டு. இலைக்குப் பக்கத்தில் காய்ச்சாத பால் ஒரு கேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் கையால் இவ்வளவும் சமைத்திருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு கைப்பையைத் திறந்து கற்பூர டப்பாவையும் தீப்பெட்டியையும் எடுத்தாள்.  "வசந்தா, கூடாதுன்னு சொல்லிட்டாங்க," என்றேன்.

"தெரியும்."

வெற்றிலை மேல் கற்பூரத்தை வைத்தாள். தீக்குச்சியை எடுத்தாள். பெட்டியோரம் வரை கொண்டுபோனாள். அவள் கண் அந்தக் கறுத்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த எடத்துல நான் எப்படிங்க கொளுத்துவேன்?" என்றாள். குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவ்வளவுதான். கற்பூரம் ஏற்றாமல் படையல் முடியாது. படையல் முடியாமல் யாரும் சாப்பிட முடியாது. இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அவள் கை நடுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிடு என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கொத்சுமேல் எறும்பு வந்துவிட்டது. கதிர் மேல் எனக்குக் கோபம் வந்தது. எங்களை இப்படி உட்கார வைத்துவிட்டானே என்று.

அப்போதுதான் புகை வாசனை வந்தது.

6

புகை வந்த பக்கம் இறங்கிப் போனேன். ஆற்றங்கரைத் திருப்பத்தில் ஒரு கார் பின்கதவு திறந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு சின்னப் பெண், மஞ்சள் கொத்து கட்டிய பித்தளைப் பானையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய கணவன் காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். மூன்று கற்களுக்கு நடுவே மணல்மேடு. அதன் உச்சியிலிருந்து நூல் மாதிரி புகை. கல் அடுப்பில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது அடுப்புக்குத்தான் தடை என்று நினைத்து, தாங்களாகக் கல் பொறுக்கி அடுப்பு கூட்டியிருக்கிறார்கள்.

"என்னய்யா பண்ற?" என்றேன். தமிழில் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிள், தமிழா! பொங்கலன்னிக்கி லீவு கெடைக்கல. அதான் இன்னிக்கி வச்சோம். காணும் பொங்கலாவும் இருக்கட்டுமேன்னு ஆத்தங்கரைக்கி வந்தோம்."

"தீ மூட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கலயா?"

"முடிஞ்சிது அங்கிள். மண்ணு போட்டு மூடிட்டேன். எங்கூர்ல இப்பிடித்தான்."

"எந்த ஊரு?"

"கடலூர் பக்கம். மேல்பட்டாம்பாக்கம்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். நெல்லிக்குப்பம் பேருந்து முதல் அவன் மாமனார் வீடு வரைக்கும் விசாரித்திருப்பேன். அன்று அவன் கன்னத்தில் அறைய வேண்டும் என்றுதான் கை துடித்தது.

"மூடிட்டியா? மூடுனா அணைஞ்சிடுமா? இதே மாரி ஒருத்தன் மூடிட்டுப் போனதுலதான்டா எம் புள்ள செத்தான்! அதோ, அந்த எடத்துலதான். இன்னிக்கி அவனுக்கு வருஷ திதி. அடுத்த வருஷம் யாரு புள்ள சாவணும்?"

அந்தப் பெண் பானையைக் கீழே வைத்துவிட்டாள். அவன் வாய் திறந்தபடி நின்றான். நான் கைபேசியை எடுத்தேன். புகார் எண் எனக்கு மனப்பாடம்.

"நவுருங்க," என்றாள் வசந்தா, எனக்குப் பின்னால்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கையில் தண்ணீர் கேன், மறுகையில் பால். யாரையும் அவள் திட்டவில்லை. மணல்மேட்டுக்கு முன் குந்தினாள். ஒரு குச்சியால் மணலை ஒதுக்கினாள். உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது.

தண்ணீரை ஊற்றினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. கெடிலத்துக் கரையில் கேட்ட அதே சத்தம். நான் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

கிளறினாள். மறுபடி ஊற்றினாள். கேன் தீர்ந்ததும், "தண்ணி கொண்டாப்பா," என்றாள் அந்தப் பையனிடம். அவன் பொங்கல் பானையையே எடுத்தான். அதில் மிச்சமிருந்த பொங்கலை அவன் மனைவி அவசரமாக ஒரு தட்டில் வழித்துப் போட்டதும், பானையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினான். அவன் கொண்டுவந்து கொடுக்க, இவள் ஊற்ற, கிளற, மறுபடி அவன் ஓட, இப்படியே நடந்தது. சாம்பல் சேறாகிக் கறுத்தது. வசந்தா புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு."

மறுபடி தண்ணீர். மறுபடி தொட்டாள்.  பால் கேனைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். நம் வழக்கப்படி இது ஆண்கள் செய்வது. பெண்கள் சுடுகாட்டுப் படி மிதிப்பதில்லை. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"என்னால முடியல வசந்தா," என்றேன்.

அவள் கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் பாலை வாங்கி, அந்தச் சாம்பலின்மேல் தெளித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு கேனைச் சாய்த்து மெல்ல ஊற்றினாள். கறுப்பில் வெள்ளை ஓடியது.

அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவன், அவனும் யாருக்கோ பால் தெளித்திருப்பான். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றான். அவன் மனைவிக்கும் கண்காட்டினான். அவளும் வந்து நின்றாள்.  நான் வாய்விட்டு அழுதேன். ஒரு வருடமாக வசந்தாவுக்கு முன்னால் அழாமல் வைத்திருந்தேன்.

வசந்தா அழவில்லை. இந்த முறை உள்ளங்கையை விரித்து, அந்தச் சாம்பல்மேல் அழுத்தி வைத்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஆறிடுச்சுங்க," என்றாள்.

பையன் பானையில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்ற, கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, எங்கே போவது, எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"வாங்க, சாப்புடலாம்," என்றாள். "எனக்குப் பசிக்கிது."